உயிரோடிருக்கிறதுக்கு அத்தாட்சி

கடுதாசியில் கையெழுத்து இல்லை. யோசெப் முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தும் பார்த்தார். எழுத்தெல்லாம் ஒழுங்காகத்தான் கிடந்தது. மகன் நிறோஜனின் பிறப்பு அத்தாட்சி அது: அவன் பேர், பிறந்த இடம், தகப்பன் பேர், தாய் பேர். கீழே வலதுகைப் பக்கம் மை கொட்டிச் சிதறினதுபோல ஒரு கறுப்புக் கட்டம். அவ்வளவுதான். மனிசக் கை பட்ட அடையாளம் ஒன்றும் அதில் இல்லை.

"இது என்ன பிள்ளை, ஒருத்தரும் கையெழுத்து வைக்காமல் விட்டிருக்கினம்?"

கொமினிகேசன் கடை தர்மிளா கொம்பியூட்டரை விட்டுத் தலையை எடுக்கவில்லை. "அது உள்ளுக்குள்ள இருக்கு ஐயா. இமெயிலில வந்ததுதான் ஒறிஜினல். கையெழுத்துக் கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதது ஒண்டைத்தான் நான் நம்புறனான். அதுவும் ஞாயிற்றுக்கிழமையில மட்டும்."

தர்மிளா சிரித்துப்போட்டு, செத்தவீட்டுக்காரனுக்கு முன்னால் சிரித்துவிட்டோமே என்று வாயை மூடினாள். யோசெப் அதைக் கவனிக்கவில்லை. கடுதாசியை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பின்னேரம் வாறன், அதுவரைக்கும் ஒன்றையும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். தர்மிளா பின்னால் நின்று, பேப்பர் தேவையில்லை, வந்த மாதிரியே அதை ஜேர்மனிக்குத் திருப்பிவிட்டால் போதும், அவங்கள் கட்டத்துக்கு மேலே போனைப் பிடித்தால் இங்கத்தைப் பதிவு அங்கே திறக்கும் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததுதான். விழுந்ததெல்லாம் உள்ளே போகவேண்டும் என்று சட்டமில்லை.

நிறோஜன் ஜேர்மனியில் ஒரு சின்னப் பட்டினத்தில் தன் அறையில், நித்திரையில் போய்விட்டான். வேலைக்கு வரவில்லை என்று தேடிப்போனவர்கள் கதவை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதயம் என்றார்கள். கலியாணம் கட்டாதவன்; அங்கே சொந்தம் என்று ஒருத்தருமில்லை. கூட வேலை செய்த கிருபன் என்ற பொடியன்தான் எல்லாத்துக்கும் ஓடித்திரிந்தான். சவத்தை ஊருக்கு அனுப்புகிற செலவையும் அலுவலையும் அங்கத்தைப் பொடியள் பார்ப்பார்கள், நீங்கள் யோசிக்காதேயுங்கோ என்று சொன்னான். ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி இரத்த உரித்துக்காரர் கேட்டால்தான் சவத்தைக் குடுப்பார்களாம். தாயோ தகப்பனோ, இன்னார் என்று நிரூபிக்கவேண்டும். ஒருத்தரும் வராவிட்டால் நகரசபையே எரித்து, சாம்பலைப் பேரில்லாத ஒரு இடத்தில் தாட்டுவிடுமாம்.

எரிக்கிறது என்ற சொல்லை யோசெப் வீட்டில் சொல்லவில்லை. யூலிற்றாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. "அவனை மண்ணில வைக்கோணும்," என்று மட்டும் சொன்னாள். சவமில்லாத செத்தவீடு ஒரு கரைச்சல் பிடித்த வீடு. சனம் முதல் இரண்டு நாளும் வந்து கதிரைகளில் இருந்தது. பெட்டி இல்லை, தலைமாட்டில் மெழுகுதிரி இல்லை, எதைப் பார்த்து அழுகிறது என்று தெரியவில்லை. எட்டாம் நாள் பூசைக்கு எந்த நாளிலிருந்து எண்ணுகிறது என்று கோயிலில் கேட்டபோது சுவாமியாரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பாப்பம் என்றார். பந்தல்காரன் வந்து, கழட்டவோ விடவோ என்று கேட்டான். கழட்டு என்றார் யோசெப். பந்தலுக்குக் கீழே இருந்ததுக்கும் வெயிலில் இருந்ததுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. சாப்பிட்டார், படுத்தார், விடிய எழும்பிக் கடற்கரைக்குப் போய் மற்றவர்களின் வலையில் மீன் கழற்றிக் குடுத்தார். காலுக்குமேல் கால் போட்டு நெடுநேரம் இருந்தால் கால் விறைக்குமே, அப்படி உடம்பு முழுக்கக் கிடந்தது.

யோசெப்புக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. படித்ததெல்லாம் றோட்டை மறித்துச் சோதிக்கிற சென்றிகளில்தான். இயக்கத்தின் பாஸ் ஆனாலும், ஆமியின் பதிவு ஆனாலும், முகாமில் கழுத்தில் தொங்கப்போட்ட அட்டை ஆனாலும், திரும்பிவந்து காணிக்கு நின்றபோது குடுத்த துண்டு ஆனாலும், சீல் இருந்தால் ஆள் போகலாம்; சீல் இல்லாவிட்டால் ஆள் அந்தப் பக்கம் குந்து. எழுதியிருக்கிறதை ஒருத்தனும் வாசித்ததில்லை. வட்டமாக ஊதா நிறத்தில் ஒன்று இருக்கிறதா என்றுதான் பார்த்தான். அப்படிப்பட்ட ஒரு மனிசன் தன் மகனின் சவத்தை மீட்க, ஒரு பொட்டு ஊதா மை இல்லாத கடுதாசியை வெள்ளைக்காரனுக்கு அனுப்புவாரா?

கிராம அலுவலரான விதானையாரிடம் ஒரு சீல் அடிப்பித்தார். பிறகு சிலாவத்தையில் இருக்கிற சமாதான நீதவான், ஜே.பி.யிடம் போனார். ஓய்வுபெற்ற வாத்தி. செத்தவீட்டுக்கு வராமல் விட்ட வெட்கத்தில் மனிசன் ஒன்றும் கேட்காமல் சீலை எடுத்து ஊதி, எங்கே அடிக்க என்று இடம் பார்த்தார். மேலே எழுத்து, நடுவில் எழுத்து. யோசெப்தான் விரலை வைத்துக் காட்டினார்.

"இதில அடியுங்கோ சேர். மெசினில மை கொட்டுப்பட்டுக் கிடக்கு. அதை மறைச்ச மாதிரியும் இருக்கும்."

வாத்தி அமத்தி அடித்தார். கறுப்புக் கட்டத்துக்குமேல் ஊதா வட்டம் நல்ல வடிவாக விழுந்தது. அதுக்குமேல் கையெழுத்தும் வைத்தார். யோசெப் வழியில் இறங்கி அதை லமினேற்றும் செய்வித்தார், மழைக்கும் வேர்வைக்கும் பழுதாகாமல் இருக்க. தர்மிளா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது சரிவராது ஐயா என்று இரண்டு தரம் சொன்னாள். நான் சொல்றதை அனுப்பு என்று இவர் மூன்று தரம் சொன்னார். ஸ்கான் பண்ணி அனுப்பினாள்.

நாலு நாள் கழித்துக் கிருபன் எடுத்தான். குரலில் களைப்புத் தெரிந்தது. கட்டத்தை மறைத்திருக்கிறது, போனுக்கு அது வாசிக்குதில்லை, அதோடு இது ஒறிஜினலும் இல்லை, படம் பிடித்தது, ஆரோ கை வைத்து மாற்றினதுபோல இருக்கு என்று திருப்பிவிட்டார்களாம். சந்தேகப்பட்டு ஒரு அடையாளமும் போட்டுவிட்டார்களாம். வாற வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பொறுக்கமாட்டார்களாம்.

"ரெண்டு சீல் கிடந்ததே தம்பி."

"சீல்தான் ஐயா பிழை."

யோசெப் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவருடைய வயதில் அப்படி ஒரு வசனத்தை அவர் கேட்டதில்லை. தர்மிளா அவரை ஒன்றும் கேட்காமல் முதல் வந்த இமெயிலைத் தேடி எடுத்து, வந்தது வந்தபடி அனுப்பினாள். அது போன மாதிரியும் தெரியவில்லை. ஒரு சத்தமில்லை, ஒரு துண்டில்லை. போயிட்டுது என்றாள்.

அடுத்தநாள் மத்தியானமே மறுமொழி வந்துவிட்டது. பிறப்பு அத்தாட்சி சரியாம். நிறோஜன் என்பவன் யோசெப், யூலிற்றா என்கிறவர்களுக்குப் பிறந்தவன் என்று ஏற்றுக்கொண்டார்களாம். கிருபன் இவ்வளவையும் கெதியாகச் சொல்லிவிட்டு நிறுத்தினான். பிறகு, ஐயா பக்கத்தில் ஆரும் நிக்கினமோ என்று கேட்டான். தர்மிளா நிற்கிறாள் என்றார் யோசெப்.

"அவன் வந்து முதல் அகதியாப் பதிஞ்ச பத்திரத்தில வேற மாதிரி இருக்காம் ஐயா. தாயும் தகப்பனும் ரெண்டாயிரத்து ஒன்பதில செத்திட்டினமாம். ஆனபடியால் இப்ப கேக்கிறது ஆர் எண்டு கேக்கினம்."

"ஆர் செத்தது?"

"நீங்கள், ஐயா. நீங்களும் அம்மாவும். எல்லாப் பொடியளும் அப்ப அப்பிடி ஏதாவது சொல்லித்தான் நிண்டவங்கள்..."

அவன் இன்னும் கொஞ்சம் கதைத்தான். உயிரோடிருக்கிறார் என்று கிராம அலுவலர் குடுக்கிற அத்தாட்சியையும் அடையாள அட்டையையும், பிறப்பு அத்தாட்சிபோலவே, யாழ்ப்பாணத்தில் இருக்கிற வெளிநாட்டு அலுவல்கள் கந்தோர் மூலம் உறுதிப்படுத்தி இமெயிலில் அனுப்பவேண்டுமாம். பிறகு வீடியோவில் ஆளையும் காட்டவேண்டுமாம். ஒருவருக்குக் கிடைத்தாலும் போதும், ஐயாவின்ரையை முதல் எடுங்கோ, ரெண்டுக்கும் நேரம் காணாது என்றான். யோசெப் ஓம், ஓம் என்றார். தர்மிளா ஒரு சோடா உடைத்துக் குடுத்தாள். குடித்தார். காசு குடுக்கப் பார்க்க வாங்கவில்லை. அன்றைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். ஓடலாம் என்பது நினைவு வரவில்லை. எதிரில் வந்த ஒருத்தன், எப்பிடி அண்ணை பாடு என்று கேட்டான். இருக்கிறன் என்று வழமையான மறுமொழியைச் சொல்லிவிட்டு, நாலடி போய்த்தான் அந்தச் சொல்லைத் திருப்பி யோசித்தார்.

யூலிற்றா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செத்தவீடு என்று மீன் காய்ச்சாமல் இருந்த வீடு. அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டிலிருந்து நாலு பாரைக்குட்டி குடுத்துவிட்டிருந்தார்கள். யோசெப் நிலைக்கதவில் சாய்ந்து நின்று விசயத்தைச் சொன்னார். அவள் செதில் தட்டுகிற கையை நிற்பாட்டவில்லை. அதில்தான் அவருக்குப் பிடிபட்டது.

"உனக்குத் தெரியும்."

"ஓம்."

"எப்ப?"

"அவன் போய் இறங்கின உடன. போனில சொன்னவன். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவன். நீங்கள் ஏசுவியள் எண்டு பயம்."

யோசெப் யோசித்துப் பார்த்தார். ஏசித்தான் இருப்பார். அப்போது என்றால் போனில் வைத்து நாய், பேய் என்று கிழித்திருப்பார். இப்போது அந்தக் கோபத்தை உள்ளே தேடிப்பார்த்தார். கிணற்றுக்குள் வாளியை விட்டால் அது தரையில் தட்டுகிறதுபோல ஒரு சத்தந்தான் வந்தது.

"எப்பிடிச் செத்தனாங்களாம்?"

"செல் விழுந்து. பங்கருக்குள்ள, ஒண்டா."

"பங்கருக்குள்ள செத்தது கலிஸ்ரா எல்லோ."

யூலிற்றா மீனைச் சட்டிக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கலிஸ்ரா அவர்களுடைய மகள், நிறோஜனுக்கு இளையவள். "அவளின்ர பேரைத் தான் அங்க சொல்லேல்லையாம். அவள் கிடந்த இடத்தில உங்கள் ரெண்டு பேரையும் கிடத்திவிட்டிட்டன் அம்மா எண்டவன். அவளை வித்த மாதிரி இருக்கப்படாது எண்டு," என்றாள். பிறகு, "எங்களைச் சாக்காட்டித்தான் அவன் பிழைச்சவன். பிழைக்கட்டும் எண்டு நானும் விட்டன்," என்றாள். பதினாலு வருசமாக இந்த மனிசி, தான் கடுதாசியில் செத்தவள் என்று தெரிந்துகொண்டே சந்தைக்குப் போயிருக்கிறாள், பூசைக்குப் போயிருக்கிறாள், அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். யோசெப் போய்க் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட இருந்தார். மீனில் உப்பு இருந்ததோ இல்லையோ தெரியவில்லை.

விதானையார் அடுத்தநாள் காலமை அத்தாட்சியை எழுதினார். நல்ல மனிசன், வாய்தான் கொஞ்சம் நீளம். "நான் இவ்வளவு காலமும் செத்தாக்களைச் செத்தது எண்டு எழுதித்தான் கை நொந்தனான் அண்ணை. உயிரோட இருக்கிற ஒருத்தரை இருக்கிறார் எண்டு எழுத, அரைக் கடுதாசிகூடப் போகேல்ல," என்றார். யோசெப்புக்கும் சிரிப்பு வந்தது. அது வாய்வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. மேசைக்கு முன்னால் நின்று, மேற்படி நபர் இன்றைய திகதியில் உயிருடன் உள்ளார் என்று அவர் எழுதுகிறதைத் தலைகீழாக வாசித்தார். இன்றைய திகதியில் என்றால் நாளைக்கு என்ன என்று கேட்டார். நாளைக்கு வேறு கடுதாசி என்றார் விதானையார்.

அதைக் கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனார். அங்கே ஒப்பமாகி வந்ததை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினார். கடைசி யுத்தத்தில் சனம் கடந்துவந்த வட்டுவாகல் பாலத்தில் பஸ் மெல்லப் போனது. எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். இவர் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் வரிசை நீளம். கனடா, லண்டன், கலியாணம், படிப்பு. பக்கத்தில் இருந்த பெண் மகளின் கலியாணப் பதிவு அனுப்ப வந்திருந்தாள். ஐயா என்ன அலுவலாய் வந்தனீங்கள் என்று கேட்டாள். உயிரோட இருக்கிற அலுவல் என்றார். அவள் தன் கடுதாசிகளை எண்ணத் தொடங்கினாள். யன்னலுக்குள் இருந்தவன் கடுதாசிகளை வாங்கி மெசினில் வைத்தான், திரையைப் பார்த்தான், தட்டினான். இமெயிலுக்கு வரும், நீங்கள் போகலாம் என்று வெறுங்கையோடு அனுப்பினான். முன்னைய யோசெப் என்றால் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டாவது தா என்று நின்றிருப்பார். இப்போது வெறுங்கையைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

வியாழக்கிழமை அது தர்மிளாவின் கொம்பியூட்டருக்கு வந்தது. அச்சடித்துப் பார்க்கப் போறியளோ என்று கேட்டாள். வேண்டாம் என்றார். ஒருத்தரும் அதில் கை வைக்க வேண்டாம் என்றார். கதிரையைக்கூடக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து இருந்தார், தன் மூச்சுப் பட்டாலும் ஏதும் ஆகிவிடுமோ என்பதுபோல. தர்மிளா அனுப்பினாள். பின்னேரம் கிருபன் எடுத்தான். உயிரோடிருக்கிறீங்கள் எண்டு ஏற்றுக்கொண்டிட்டினம் ஐயா, நாளைக்கு எங்கட பத்து மணிக்கு ஆளைக் காட்டவேணும் என்றான்.

வெள்ளிக்கிழமை யூலிற்றாவும் வருவேன் என்று வெளிக்கிட்டாள். கறுப்புச் சீலை, கையில் செபமாலை. தர்மிளா கடையில் வேறு ஆட்களை எடுக்கவில்லை. கொம்பியூட்டருக்கு முன்னால் யோசெப்பை இருத்தி, சட்டைக் கொலரை இழுத்துவிட்டாள். திரையில் கிருபன் தெரிந்தான். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார மனுசி. அந்தக் கந்தோர் மிகவும் துப்புரவாக இருந்தது. யூலிற்றா பின்னுக்கு நின்று, "நானும் வந்து இருக்கட்டோ?" என்று கேட்டாள்.

"நீ அங்கால நில்," என்றார் யோசெப், திரும்பாமல். "உனக்கு இன்னும் கடுதாசி வரேல்ல."

அந்த மனுசி பேர் கேட்டாள், பிறந்த திகதி கேட்டாள். கிருபன் தமிழில் கேட்க இவர் சொன்னார். அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். இடப்பக்கம் திரும்பச் சொன்னாள், வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். திரும்பினார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. பிறகு எதையோ வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீளமாக ஒரு கேள்வி கேட்டாள். கிருபன் அவளை ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

"என்னவாம்?"

"நீங்கள் உயிரோட இருக்கேக்க, செத்திட்டீங்கள் எண்டு மகன் ஏன் சொன்னவர் எண்டு கேக்கிறா. பயப்பிடாமல் சொல்லுங்கோ ஐயா. இனி அவனுக்கு ஒண்டும் செய்யேலாது."

யோசெப் அந்த மனுசியின் முகத்தையே பார்த்தார். அவள் குற்றம் பிடிக்கக் கேட்டதுபோல இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டதுபோல இருந்தது.

"உயிரோட இருக்கிறாக்களின்ர பிள்ளையை நீங்கள் எடுக்கமாட்டியள் எண்டு அவனுக்கு ஆரோ சொல்லியிருக்கினம்," என்றார்.

கிருபன் கீழே பார்த்தான். பிறகு ஜேர்மன் பாசையில் ஏதோ சொன்னான். மிகவும் சின்னதாக இருந்தது. இவர் சொன்னதில் பாதிகூட அதற்குள் அடங்கியிருக்காது. மனுசி தலையாட்டிவிட்டு எழுதினாள்.

இனி ஒன்று மட்டுந்தான் என்றான் கிருபன். உரித்துக்காரர் சவத்தை முகம் பார்த்து இன்னார் என்று சொல்லவேண்டும். வர ஏலாதபடியால் படம் காட்டலாமாம். அதைத் தன் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள், தான் தர்மிளாவின் போனுக்குப் போடுகிறேன் என்றான். பார்த்துவிட்டு ஓம் என்று சொன்னால் அவள் இப்போதே கையெழுத்து வைப்பாள், பின்னேரமே பெட்டி அடிக்கக் குடுக்கலாம்.

மேசையில் கிடந்த போன் ஒருதரம் அதிர்ந்தது. தர்மிளா அதை எடுத்துத் திறந்து, திரையைத் தான் பார்க்காமல் இவர் கையில் வைத்துவிட்டு, வாசல் பக்கம் போய் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படம் இன்னும் தெளியவில்லை. புகைக்குள் இருந்ததுபோலக் கிடந்தது. கீழே வெள்ளை, நடுவில் மண்ணிறம், மேலே கொஞ்சம் கறுப்பு. நடுவில் ஒரு வட்டமும் கீழ்நோக்கின அம்புக்குறியும். அதைத் தொட்டால் படம் இறங்கும் என்று யோசெப்புக்கும் தெரியும். பெருவிரலால் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பது வருசம் கயிறு இழுத்துக் காய்த்த விரலை அந்தக் கண்ணாடி மதிக்கவில்லை. இன்னொருதரம் தொட்டார்.

"வந்திட்டுதோ ஐயா?" என்று கிருபன் கேட்டான்.

யூலிற்றா ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். இந்தமுறை அவர் அங்கால நில் என்று சொல்லவில்லை. கொம்பியூட்டர்த் திரையின் மூலையில், தங்கள் பக்கம் தெரிகிற சின்னப் பெட்டிக்குள், இப்போது இரண்டு பேர் இருந்தார்கள். அந்த வெள்ளைக்கார மனுசி எழுதுகிறதை விட்டுவிட்டு அந்த இரண்டாவது முகத்தைப் பார்த்தாள். கிருபனை ஒன்றும் கேட்கவில்லை. யூலிற்றா செபமாலையை இடக்கைக்கு மாற்றினாள். வலக்கையைச் சீலையில் துடைத்து விரலை நீட்டினாள். அது கண்ணாடிக்கு ஒரு நெல்லளவு மேலே வந்து, அங்கேயே நின்றது. கீழே அந்த மண்ணிறப் புகை ஆருடைய பிள்ளையாகவும் இருக்கலாம்போலக் கிடந்தது.